ஆடாத கோடு

நிகிலேஷின் அலுவலகத்தில் நாற்காலி கிடையாது. ரப்பர் தாமரைகள்தான். ரோஜா நிறத்தில் மூட்டை மூட்டையாய்க் கிடக்கும், உட்கார்ந்தால் புஸ்ஸென்று காற்று இறங்கும். ரயில்வே பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற கோதமி, அதில் ஒன்றை மேலும் கீழும் பார்த்துவிட்டு நின்றபடியே பேசினாள்.

"இதுல உட்கார்ந்தா ஞானம் வருமா, இடுப்புப் பிடிப்பு வருமா?"

நிகிலேஷ் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான். 'தெளிவு' என்ற கம்பெனியின் முதலாளி. வெறுங்கால், கணுக்காலுக்கு மேல் நின்றுவிடும் கால்சட்டை, கழுத்தில் ருத்திராட்சம், மணிக்கட்டில் திபெத்து மணி, சட்டையில் ஜப்பான் எழுத்து. விடுதலைக்கு எந்தக் கதவு திறந்திருக்குமோ தெரியாது, எதற்கும் எல்லா வாசலிலும் ஒரு ஜோடி செருப்பை விட்டு வைப்போம் என்று நினைத்திருப்பான் போல.

"மேடம், நாங்க சஃபரிங்கை சால்வ் பண்றோம்," என்றான்.

"புத்தருக்கு ஆறு வருஷம் ஆச்சு. உங்களுக்கு?"

"ரெண்டு வருஷம் மேடம். டீம் பெருசானா இன்னும் சீக்கிரம்."

அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றுதான் கோதமிக்கு இருந்தது. ஓரமாக நின்ற பொறியாளர் பெண் வாயைத் திறந்ததால் நின்றாள். ஜெபக்கனி என்று பெயர், தூத்துக்குடிக்காரி. அந்தக் கட்டடத்தில் செருப்பு போட்டிருந்த ஒரே ஆள்.

"டீச்சர், வலி வேற, துன்பம் வேறன்னு நீங்க விகாரைத் தியான வகுப்புல சொல்லுவீங்கல்லா? அதேதான். சுடுதண்ணி பட்டா சுடும். அது வலி. 'ஐயோ, எனக்கு மட்டும் ஏன் இப்படி'ன்னு மனசு ஒரு கூப்பாடு போடும் பாருங்க, அது துன்பம். நாங்க வலியைத் தொட மாட்டோம். கூப்பாட்டை மட்டும் நிறுத்துறோம். காதுக்குப் பின்னால ஒரு பட்டை ஒட்டிக்கணும், அவ்வளவுதான். கூப்பாடு கிளம்புற நேரத்துல அது மூளையை வேற தடத்துல திருப்பிவிடும். அமைதியா இருக்கிற ஒருத்தரோட மூளை எப்படி ஓடுமோ அந்தத் தடத்துல."

"யாரு அந்த ஒருத்தர்?"

"அதுக்குத்தான் டீச்சர் உங்களைக் கூப்பிட்டோம். போன மாசம் உங்க விகாரைக்கு வந்து எல்லார் தலையிலயும் வலைத்தொப்பி மாட்டி, மூளை ஓடுறதைத் திரையில கோடாப் பார்த்தோமே. அது மாதிரி பதினாலு இடத்துல பார்த்தோம். ரெண்டு பீடாதிபதி, ஒரு யோகா சாம்பியன், இமயமலையில இருந்து வந்த ஒரு சாமி. எல்லார் கோடும் ஆடுது. உங்க கோடுதான் இருக்கிறதுலயே கம்மியா ஆடுது."

பீடாதிபதிகளின் கோடு ஆடிற்று என்று கேட்டதும் கோதமிக்கு நாக்கில் சர்க்கரை போட்டது போல இருந்தது. பெருமையும் ஒரு தளை, அதையும் அறுக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் ஊருக்குச் சொல்கிறவள்தான். ஆனாலும் இனித்தது.

பெரம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன விகாரையைக் கட்டிய ஆட்களில் அவள் தாத்தாவும் ஒருவர். மூன்று தலைமுறையாகப் பௌத்தர்கள். சாதியைத் தூக்கி எறிந்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்த குடும்பம். ஊர் தன் அப்பாவை எப்படிப் பார்த்தது என்பதைச் சிறுமியாக இருந்தபோதே கோதமி பார்த்திருக்கிறாள். அந்தப் பார்வையை ஊர் மேலேயே திருப்பப் படித்துக்கொண்டாள். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பின்னம் தெரியாத தலைமையாசிரியர், தட்சிணைக்குக் கை நீட்டும் சாமியார், கல்யாண மண்டபத்தில் நகையைக் காட்டச் சேலையை ஒதுக்கிவிடும் பெண்கள் என்று யாரைப் பார்த்தாலும் அவள் மனசு ஒரு ஓரத்தில் மெல்லக் கதவைச் சாத்திக்கொள்ளும்.

அவளுக்கு மனிதர்கள் இரண்டே வகை. உட்காரத் தெரிந்தவர்கள், நெளிகிறவர்கள். அவளுடைய ஒரே மகள் விசாகை இரண்டாவது வகை. ஐந்து வயதில் கண்ணை மூடி உட்கார வைத்தால் ஒரு நிமிடத்தில் ஒற்றைக் கண்ணைத் திறப்பாள். இருபத்தெட்டு வயதிலும் அதே கதைதான். தனியார் மருத்துவமனை ஒன்றில், குழந்தைகளின் தீக்காயப் பிரிவில் நர்ஸ். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்காது என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

"வருது, போகுது. கவனி," என்று கோதமி கதவுக்கு வெளியே நின்று சொல்வாள். விகாரையில் ஞாயிற்றுக்கிழமை சொல்லும் அதே வாக்கியம்.

"எனக்கு வருதும்மா, போக மாட்டேங்குது," என்பாள் விசாகை.

இருபது வருடமாகச் சொல்லிக்கொடுத்தும் ஏறாத பாடத்தை ஒரு பட்டை ஏற்றிவிடும் என்றால், அதைச் செய்கிறவன் கோமாளியாக இருந்தால்தான் என்ன? மகள் ஒரு வேளைச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிட்டால் போதும். கோதமி ஒப்புக்கொண்டாள்.

ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். தலையில் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தாமரை வேண்டாம், பாய் கொண்டு வா என்று சொல்லிவிட்டாள். அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளசுகள் காபிக் கோப்பையோடு வந்து நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின. அவளைக் காட்டி ஒருத்தி தன்னைத்தானே படம் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் நிகிலேஷ் வந்து, "மேடம், நிப்பானாவுக்கு வெஜிடேரியன் கம்பல்சரியா?" என்று கேட்டான். நிர்வாணத்தைப் பாலி மொழியில் நிப்பானம் என்று சொல்லத் தெரிந்துகொண்டதில் அவனுக்கு அவ்வளவு பூரிப்பு.

"நேத்து மீன் குழம்பு சாப்பிட்டேன். உன் மெஷின்ல தெரியலையா?" என்றாள் கோதமி.

நான்கு மாதத்தில் பட்டை வெளிவந்தது. ஊரே ஒட்டிக்கொண்டது. ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயில் நடுவழியில் நின்றால் முன்பெல்லாம் கத்துவார்கள். இப்போது பெட்டி முழுக்க ஜனம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சாந்தமாக நின்றது. ஐ.டி. கம்பெனிகள் வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தோடு ஒரு பட்டையையும் சேர்த்துக் கொடுத்தன. மாமியார் திட்டுவது இப்போது மழைச் சத்தம் மாதிரி இருக்கிறது என்று ஒரு மருமகள் விளம்பரத்தில் சொன்னாள். மழைச் சத்தத்துக்கும் மாமியாருக்கும் வித்தியாசம் தெரியாமல் போவதற்குப் பெயர் விடுதலையா என்று கோதமி தொலைக்காட்சியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

ஆனால் விசாகையின் மருத்துவமனையும் எல்லா நர்ஸுகளுக்கும் பட்டை கொடுத்தது. இரண்டே நாளில் குளியலறைக் குழாய் மூடிக்கொண்டது. விசாகை வந்தாள், செருப்பைக் கழற்றினாள், கை கழுவினாள், இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்த கோதமி குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். அந்த ஒன்றுக்காக அவள் நிகிலேஷை, ருத்திராட்சம் உட்பட, மன்னித்துவிட்டாள்.

இப்படி மூன்று மாதம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தியானம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு புத்தநேசன் மட்டும் போகாமல் நின்றார். ஆட்டோ ஓட்டுகிறவர். பதினைந்து வருடமாக விகாரைக்கு வருகிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கி வழிவார் என்பதால் கோதமி அவரைக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டதில்லை.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்க."

"எம் பேத்தி மேல கொதிக்கிற சாம்பார் கொட்டிடுச்சு. முதுகு பூரா. ஆறு வயசு. உங்க பொண்ணு வார்டுலதான் சேர்த்திருக்கோம்."

"ஐயையோ. எப்போ? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்ற மாதிரி இல்ல டீச்சர். போன செவ்வாய்க்கிழமை கட்டு மாத்துனாங்க. அதுக்கு முன்னாடி வலி தெரியாம ஒரு ஊசி போடணும். டாக்டர் வந்து எழுதிக் குடுத்தாத்தான் போடுவாங்களாம். டாக்டர் வரல. கட்டு மாத்துற நேரம் வந்துடுச்சு. உங்க பொண்ணு மாத்திடுச்சு."

"ஊசி போடாமலா?"

"போடாமத்தான். இருவது நிமிஷம். பாப்பா கத்துன கத்து எதிர்ல பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேட்டிருக்கும். எம் பொண்ணு கால்ல வுழுந்தா. டாக்டருக்கு இன்னொரு தபா போன் போடுங்கம்மான்னு கெஞ்சுனா. உங்க பொண்ணு திட்டல டீச்சர், கோவப்படல. பாப்பா மூஞ்சிய நேராப் பார்த்துச்சு. பார்த்துக்கினே கைய மட்டும் ஓட்டிச்சு. என்னா சொல்லிச்சு தெரியுமா? 'வருது, போகுது'ன்னுச்சு." புத்தநேசன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பொறந்ததுலேருந்து பேட்டை ரவுடியெல்லாம் பார்த்திருக்கேன். அந்த மாதிரி மூஞ்சி பார்த்ததில்ல. அந்தப் பட்டைய முதல்ல புடுங்கிப் போடச் சொல்லுங்க டீச்சர்."

கோதமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் வாக்கியம், தன் மகள் வாயில், ஒரு குழந்தையின் அலறலுக்கு மேலே. அந்தக் கோமாளிப் பயல் தன் தியானத்தை எடுத்து என்ன கண்றாவியைக் கலந்தான்? மறுநாள் காலை பத்து மணிக்கு 'தெளிவு' அலுவலகத்தில் நின்றாள்.

நிகிலேஷ் கை கூப்பினான். "மேடம்! நீங்க எங்க லெஜண்ட்!"

"என் மூளையில என்னத்தைடா கலந்தே?"

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. காதுக்குப் பின்னால் பட்டை ஒட்டியிருந்தது. "எதுவும் கலக்கல மேடம். ஜெபா, மேடத்துக்குக் காட்டு," என்று சொல்லிவிட்டு வேறு தாமரைக்கு நகர்ந்துவிட்டான்.

ஜெபக்கனி அவளைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போய்த் திரையைத் திறந்தாள். அவள் காதில் பட்டை இல்லை என்பதைக் கோதமி கவனித்தாள்.

"சத்தியமா எதுவும் கலக்கல டீச்சர். நீங்க உட்கார்ந்த நாப்பது மணி நேரமும் இதுல இருக்கு. நாங்க வெட்டுனோம், அவ்வளவுதான்."

"எதை வெட்டுனீங்க?"

"இதைப் பாருங்க, முதல் நாலு நாள். கோடு நல்லாத்தான் போகுது. ஆனா ஒவ்வொரு தடவையும் கடைசியில ஒரு நடுக்கம் வருது. எல்லா நாளும், சொல்லி வச்ச மாதிரி. அப்போ நீங்க என்ன செய்வீங்க டீச்சர்?"

கோதமி திரையைப் பார்த்தாள். "அது மெத்தா. உட்கார்ந்து முடிக்கும்போது எல்லா உயிரும் நல்லா இருக்கணும்னு நினைக்கிறது. முதல்ல செத்துப்போன எங்க வீட்டுக்காரரை நினைப்பேன். அப்புறம் விசாகையை. அப்புறம் மத்தவங்களை."

"நினைக்கும்போது உங்களுக்கு நடுங்குது. எங்களுக்கு ஆடாத கோடு வேணும். அதனால இதையெல்லாம் இரைச்சல்னு போட்டு வெட்டிட்டோம்."

"இரைச்சலா?"

"ஆமா டீச்சர்." ஜெபக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். "நாப்பது மணி நேரத்துல கொஞ்சம்கூட ஆடாம இருந்தது மொத்தம் பதினோரு நிமிஷம்தான். அஞ்சாவது நாள், மத்தியானம். ஊர் பூரா எல்லார் காதுலயும் ஓடுறது அந்தப் பதினோரு நிமிஷம்தான். அறைச் சத்தமும் பதிவாகியிருக்கு. கேக்கியளா?"

அவள் பொத்தானை அழுத்தினாள். கதவு திறக்கும் சத்தம், காலடிகள், நாலைந்து ஆட்கள். நிகிலேஷின் குரல் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தது: "திஸ் ஆன்ட்டி, பெரம்பூர் சைடு. அந்த மாதிரி ஜனம்தான், யூ நோ. ஆனா பாருங்க, பிரெய்ன் பியூர் கோல்ட்! அவங்களுக்கு அதோட வேல்யூ தெரியாது." யாரோ சிரித்தார்கள். ஒருவன், தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான்.

கோதமிக்கு அந்த நேரம் ஞாபகம் வந்தது. கண்ணை மூடியபடி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கோடு ஆடியிருக்கும். 'சீ, இதுகளெல்லாம் ஒரு ஆளா' என்று ஒரே ஒரு தடவை நினைத்தாள். மனசு கதவைச் சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது! தன் பயிற்சி பலித்துவிட்டது என்றுதான் அன்றைக்கு அவள் நினைத்துக்கொண்டாள்.

"அது தியானம் இல்ல," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "அது இளக்காரம்."

"எனக்கு முதல்ல தெரியல டீச்சர். போன மாசம் எங்கம்மா விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டாங்க. நான் பட்டையோட நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்குத்தான் கழட்டுனேன்." ஜெபக்கனி திரையை அணைத்தாள். "எல்லாரையும் ஒண்ணா நேசிக்கிறதுக்கும், யாரையும் ஒரு பொருட்டா நினைக்காததுக்கும் மெஷினுக்கு வித்தியாசம் தெரியல. ரெண்டுலயும் கூப்பாடு இல்லல்லா? கோட்டைப் பார்த்தா எனக்கே தெரியல."

"அந்த நடுக்கத்தைச் சேர்த்துப் போடேன்மா. நாலு நாள் இருக்கே."

"போட்டுப் பார்த்தோம். இருநூறு பேருக்குக் குடுத்தோம். பத்து நிமிஷத்துல கழட்டி வச்சிட்டாங்க. அழுகை வருது, யார் யார் ஞாபகமோ வருதுன்னு புகார். இந்தப் பதினோரு நிமிஷத்துக்கு நூத்துக்குத் தொண்ணூத்தாறு பேர் திருப்தி. நிகிலேஷ் சார் மாத்த மாட்டாரு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகிலேஷ் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். கோதமி வழக்கம்போல அவனை அலட்சியமாகப் பார்க்கப் போனாள். முடியவில்லை. அவன் காதில் ஓடுவது அவள்தான். அவள் அவனை எப்படிப் பார்த்தாளோ, அப்படியேதான் அவன் இப்போது உலகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு கோமாளிகள் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வரும்போது மத்தியானம் இரண்டு மணி. விசாகைக்கு அன்று விடுமுறை. சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து, நிதானமாக, மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கோதமி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "விசாகா, புத்தநேசன் பேத்திக்கு ஊசி போடாம கட்டு மாத்துனியா?"

"ஆமாம்மா. டாக்டர் வரல. பழைய கட்டு ஊறிப்போயிருந்தது, விட்டா சீழ் பிடிக்கும். ரூல்படி சரிதான்."

"குழந்தை கத்துச்சேடி!"

"கத்துச்சு. கேட்டேன்."

"நீ முன்னாடியெல்லாம் டாக்டர் வீட்டுக்கே போன் போட்டுச் சண்டை பிடிப்பியே. ஒரு ஊசிக்காகப் பெரிய டாக்டர் கார் முன்னாடி போய் நின்னவடி நீ!"

"நின்னேன்," என்றாள் விசாகை. யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது.

"அந்தப் பட்டையைக் கழட்டு. இப்பவே கழட்டு. அதுல இருக்கறது அமைதி இல்ல. நான் சொல்றேன், அது நான்தான், என்னோட திமிர். அந்தப் பயலுங்களை மனுஷங்களாவே நினைக்காம உட்கார்ந்திருந்தேன், அதைப் பிடிச்சு எல்லார் தலையிலயும் ஏத்திட்டானுங்க. தப்பு எம்மேல. கழட்டிடும்மா."

விசாகை முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். இடது கையால் தலைமுடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். காதுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பட்டை ஒட்டியிருந்த இடத்து வெளுப்புகூட மறைந்திருந்தது.

"எடுத்து ஒரு மாசம் ஆச்சும்மா."

கணக்கு டீச்சர்தான். ஆனாலும் அந்தக் கணக்கைப் போடக் கோதமிக்கு நேரம் பிடித்தது. "அப்போ, போன செவ்வாய்க்கிழமை?"

"காதுல எதுவும் இல்ல. தேவைப்படல."

"எப்படி?"

"எப்படின்னா?" விசாகை யோசித்தாள். கோபமோ குத்தலோ அவள் குரலில் தேடினாலும் இல்லை. "மொத நாள் ஒட்டினப்போவே தெரிஞ்சுடுச்சும்மா, இது எனக்குப் புதுசு இல்லன்னு. மத்த நர்ஸுங்க எல்லாம் என்னமோ மாதிரி இருக்குன்னாங்க. எனக்கு நம்ம வீடு மாதிரி இருந்துச்சு. நான் நாலாவதுல வகுத்தல் கணக்கைத் தப்பாப் போட்டுட்டு அழுதா நீ ஒண்ணும் சொல்ல மாட்டே. சும்மா பார்ப்பே. அப்பா செத்த அன்னிக்கு நான் அவர் மேல விழுந்து கத்தினேன். நீ தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தே. இத்தனை வருஷமா அந்தப் பார்வைக்கு உள்பக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. பட்டை போட்டதும் தெரிஞ்சுது. ரொம்ப நிம்மதியா இருந்துச்சு. ரெண்டு மாசத்துல பழகிட்டேன். அப்புறம் எதுக்குப் பட்டை?"

"நான் அப்பாவை நினைச்சு தினம்…" என்று தொடங்கினாள் கோதமி. தினமும் கண்ணை மூடி அவரை நினைத்தபோது நடுங்கியது நிஜம். திரையில் பார்த்துவிட்டுத்தான் வருகிறாள். ஆனால் கண்ணைத் திறந்திருக்கும்போது ஒருநாள்கூட மகள் எதிரே அவள் நடுங்கியதில்லை.

கைப்பை நழுவி விழுந்தது. கோதமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கணவர் செத்தபோது அழாததையும் சேர்த்து, மூக்கு ஒழுக, வாய் கோண, தான் வாழ்நாள் முழுக்க இளக்காரமாகப் பார்த்த ஜனங்கள் அழுவதுபோலவே அழுதாள். மகள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினால்கூடப் போதும் என்று இருந்தது.

விசாகை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகிற வழியில் நின்று, அம்மாவின் முகத்தை நேராக, பொறுமையாகப் பார்த்தாள்.

"வருதா? கவனிம்மா. போயிடும்," என்றாள்.

பிறகு அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்து தட்டைக் கழுவத் தொடங்கினாள்.